வெறும் மேடையும் தெரிந்த முகமும்

சினிமாவில் பெயர் வாங்கிய ஒருவர் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடிக்க வருகிறார் என்று அறிவிப்பு வந்தால் லண்டனில் இரண்டு விஷயங்கள் கண்டிப்பாக நடக்கும். முதலில் டிக்கெட் தீரும். அப்புறம், "இந்தக் கூட்டமெல்லாம் ஷேக்ஸ்பியரைப் பார்க்கவா வந்திருக்கு, ஆளைப் பார்க்க வந்திருக்கு" என்ற முணுமுணுப்பு தொடங்கும். இடைவேளையில் பாத்ரூம் வரிசையில் நிற்கும்போது அதைக் கேட்கலாம், பத்திரிகை விமர்சனங்களில் கொஞ்சம் நாகரிகமான மொழியில் படிக்கலாம். எனக்கு இந்த முணுமுணுப்பின் மேல் ரொம்ப நாளாகவே கோபம் உண்டு. அதிலும் மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக், கறுப்புச் சுவர் தவிர வேறெதுவும் இல்லாத நாடகங்களுக்கு வந்துவிட்டு இப்படிச் சொல்கிறவர்கள் மேல் இன்னும் அதிகம். அந்த மாதிரி மேடையில் ரசிகர்களின் சத்தம் எங்கிருந்தோ வந்து நாடகத்தைக் கெடுப்பதில்லை, நாடகம் நடப்பதே பாதி அதை வைத்துத்தான் என்பது என் கட்சி.

ஜேமி லாயிட் என்ற இயக்குநரை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இந்தச் சண்டை கடந்த சில வருடங்களாக அவரைச் சுற்றியே நடக்கிறது. 2014இல் மார்ட்டின் ஃப்ரீமனை வைத்து மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தை டிரஃபால்கர் ஸ்டூடியோஸில் போட்டார். அப்போதே, ஃப்ரீமன் மேடைக்கு வந்ததும் ரசிகர்கள் ஆரவாரம் செய்கிறார்கள், நடுநடுவே கைதட்டுகிறார்கள், நாடக நாகரிகம் தெரியவில்லை என்று புகார் கிளம்பியது. ஆனால் அந்த நாடகத்தில் மேடை நிறைய மேசை, டெலிபோன், அலுவலகச் சாமான்கள் எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு வருடா வருடம் லாயிட் மேடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். இவருடைய நாடகங்களுக்குத் தொடர்ந்து மேடை வடிவமைப்பு செய்கிற சூட்ரா கில்மரின் வேலையைப் பார்த்தால், எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்றுதான் அதிகம் யோசித்திருப்பார் என்று தோன்றும். 2024 மே மாதம் ட்யூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் ரோமியோ அண்ட் ஜூலியட் வந்தபோது மேடையில் மைக் ஸ்டாண்டுகள், பெரிய திரை, தோளில் கேமராவோடு நடப்பவர்கள், கறுப்பு உடையிலும் ஹூடியிலும் நடிகர்கள், அவ்வளவுதான். பால்கனி கிடையாது, கத்தி கிடையாது. சண்டை வருகிற இடத்தில் விளக்கு அணையும், மறுபடி எரியும்போது ரத்தம் இருக்கும்.

ரோமியோவாக ஸ்பைடர்மேன் படங்களின் டாம் ஹாலண்ட். டிக்கெட் விற்பனை தொடங்கி 2 மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது. அது சுமார் 640 பேர் உட்காரக்கூடிய சின்ன தியேட்டர், அதனால் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் உச்சி மாடியில் ஓர் ஓரத்து இருக்கையில் இருந்தேன், முன்னால் இருந்த கம்பி மேடையின் கால்வாசியை மறைத்தது. என்னைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் இருபது வயதுக்குள்தான் இருப்பார்கள். பக்கத்து இருக்கைப் பெண் தன் அம்மாவோடு வந்திருந்தாள். நாடகம் தொடங்கும் முன்பு அம்மாவுக்கு, சண்டை போடுகிற இரண்டு குடும்பங்களில் மாண்டேகு யார், காப்புலெட் யார் என்று விளக்கிக்கொண்டிருந்தாள், பள்ளியில் பரீட்சைக்குப் படித்திருக்கிறாள் போல.

ஹாலண்ட் வந்தபோது இரண்டு மூன்று பேர் கூவினார்கள், மற்றவர்கள் அடக்கினார்கள், அதோடு முடிந்தது. நான் எதிர்பார்த்தது அதைவிட அதிகம். அதற்கப்புறம் அந்தக் கூட்டம் செய்த காரியத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். காதலர்கள் பேசிக்கொள்கிற அந்தப் பிரபலமான காட்சியில் ஹாலண்டும் ஜூலியட்டாக நடித்த ஃப்ரான்செஸ்கா அமேவுடா-ரிவர்ஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நேரே எங்களைப் பார்த்தபடி, மைக்கில் கிட்டத்தட்ட ரகசியம் பேசுகிற குரலில் பேசினார்கள். தொடுவதே அபூர்வம். உலகத்தில் எத்தனையோ பேர் பார்க்க ஆசைப்படுகிற ஒரு முகம் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது, அது கத்தாமல், ஓடாமல், கட்டடத்தில் ஏறாமல், மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும்படி உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் இருமவில்லை. ஃபோன் ஒன்றும் ஒளிரவில்லை. "ஷேக்ஸ்பியர் தெரியாத" அந்தக் கூட்டம் காது கொடுத்துக் கேட்ட மாதிரி, சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பெரியவர்கள் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

இது எப்படி நடக்கிறது என்று யோசித்தால் காரணம் எளிமையானதுதான். அரண்மனை, தூண், பட்டுத் திரை எல்லாம் இருக்கிற மேடையில் கண்ணுக்குப் போக்கிடம் இருக்கிறது. நடிகர் சரியில்லை என்றால் சுவரைப் பார்க்கலாம். வெறும் மேடையில் முகத்தை விட்டால் வேறு கதி இல்லை. அந்த முகம் ஏற்கெனவே நமக்குப் பழக்கமானது என்றால் மேடை உண்மையில் வெறுமையாக இல்லை, நாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஞாபகங்கள் அதில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஸ்பைடர்மேனாக அந்தப் பையன் அழுததைப் பார்த்தவர்களுக்கு, அவன் ரோமியோவாகச் சும்மா உட்கார்ந்திருந்தாலே எதையோ அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரிகிறது. இயக்குநருக்கு இது நன்றாகவே தெரியும். ஹாலண்ட் ஒன்றும் மேடைக்குப் புதியவரும் இல்லை, 2008இல் பில்லி எலியட் இசைநாடகத்தில் சிறுவனாக நடித்துத்தான் ஆரம்பித்தார். அதை யாரும் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் அந்த நாடகத்தில் இருந்தது. ரோமியோ நாடு கடத்தப்பட்ட பிறகு ஹாலண்ட் தியேட்டரின் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார், கேமரா அவரைப் பின்தொடர்கிறது, நாம் திரையில் பார்க்கிறோம். லண்டன் வானத்துக்குக் கீழே தனியாக நிற்கிறார், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பாடுபட்டு ஒரே கூரைக்குக் கீழே வந்த பிறகு மறுபடியும் அவரைத் திரையிலேயே காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. இதே யோசனையை லாயிட் 2025 கோடையில் பல்லேடியம் தியேட்டரில் எவிட்டா இசைநாடகத்தில் இன்னும் பெரிதாகச் செய்தார். ரேச்சல் செக்லர் முக்கியமான பாட்டைத் தியேட்டரின் வெளி பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துப் பாடினார், உள்ளே பணம் கொடுத்தவர்களுக்குத் திரை. தெருவில் நின்றவர்கள் இலவசமாகப் பார்த்தார்கள். டிக்கெட் வாங்கியவர்களில் சிலர் கோபப்பட்டார்கள், நியாயம்தான் என்று ஒரு பக்கம் தோன்றியது. மறுபக்கம், ஏழைகளின் தலைவியாகத் தன்னைக் காட்டிக்கொண்ட ஒருத்தியின் கதையில் அந்தப் பாட்டு தெருவில் நிற்பவர்களுக்குப் போனது பொருத்தமாகவும் இருந்தது. ரோமியோவின் மொட்டைமாடியில் அந்தப் பொருத்தம் இல்லை.

ரோமியோ அண்ட் ஜூலியட்டைப் பற்றிப் பேசும்போது அமேவுடா-ரிவர்ஸுக்கு நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. 2024 மார்ச் கடைசியில் நடிகர் பட்டியல் வெளியானதும், கறுப்பினப் பெண் ஜூலியட்டா என்று இணையத்தில் அவரை அவ்வளவு கேவலமாகப் பேசினார்கள். வெஸ்ட் எண்ட் என்கிற லண்டனின் பெரிய நாடக வட்டாரத்தில் அவருக்கு அது முதல் நாடகம். ஒத்திகை பற்றி ஒரு படம்கூட வெளிவராத நேரம், அவர் வாயிலிருந்து ஒரு வசனம்கூட யாரும் கேட்கவில்லை. நாடகக் கம்பெனி கண்டித்து அறிக்கை விட்டது. 800க்கு மேற்பட்ட கறுப்பினக் கலைஞர்கள், பெரும்பாலும் நடிகைகள், அவருக்கு ஆதரவாகப் பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நட்சத்திரத்தை வைத்து நாடகம் போடுவதில் எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயம் இதுதான், தியேட்டருக்குள் கூவுகிற பதினாறு வயதுப் பெண் அல்ல. நட்சத்திரத்தோடு வருகிற வெளிச்சம் பக்கத்தில் நிற்பவர் மேலும் விழுகிறது, ஆனால் நட்சத்திரத்துக்கு இருக்கிற பாதுகாப்பு ஏற்பாடுகள் அவருக்கு இல்லை. ஹாலண்டுக்காகத் தெருவில் தடுப்பு போட்டார்கள். அந்தப் பெண்ணின் ஃபோனுக்கு யார் தடுப்பு போடுவது? இந்த மாதிரி ஜோடியை அறிவிக்கிற கம்பெனி, அறிவிப்புக்கு முன்பே இதற்கு ஆள் போட்டு, வழக்கறிஞரைப் பேசி வைத்திருக்க வேண்டும். டிக்கெட் விற்கிற இணையதளம் சரிந்துவிடாமல் இருக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யத் தெரிகிறது இல்லையா.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் ஏசியவர்கள் யாரும் நாடகம் பார்த்தவர்கள் இல்லை, நாடகமே அப்போது இல்லை. அன்று என்னோடு உச்சி மாடியில் இருந்த கூட்டம் ஜூலியட்டை முழுசாக ஏற்றுக்கொண்டது. அவர் கோபப்பட்டு அப்பாவை எதிர்க்கும்போது பக்கத்து இருக்கைப் பெண் தன் அம்மாவின் கையைப் பிடித்ததைப் பார்த்தேன். ஹாலண்டுக்காக வந்தவள் அவள்.

அடுத்தது 2025 பிப்ரவரி. ட்ரூரி லேனில் உள்ள தியேட்டர் ராயலில் டாம் ஹிடில்ஸ்டனும் ஹேலி அட்வெலும் நடித்த மச் அடோ அபௌட் நத்திங். இங்கே மேடை வெறுமைதான், ஆனால் வேறு மாதிரி வெறுமை. மேலேயிருந்து ரோஜா நிறக் காகிதத் துணுக்குகள் ஓயாமல் விழுந்து தரையில் கணுக்கால் அளவுக்கு மண்டிக் கிடக்கின்றன, பின்னால் காற்றடித்த பெரிய இதயம், தொண்ணூறுகளின் நடனப் பாட்டுகள். பெனடிக்காக வருகிற ஹிடில்ஸ்டன் ஒளிந்து கேட்க வேண்டிய காட்சியில் மரமோ செடியோ இல்லை என்பதால் அந்தக் காகிதக் குவியலுக்குள்ளேயே புதைந்துகொள்கிறார். சட்டைப் பொத்தானைக் கழற்றி இடுப்பை ஆட்டுகிறார், தியேட்டர் அலறுகிறது, அலறுவதற்கு அவர் நேரம் கொடுக்கிறார், அதைப் பார்த்து மறுபடி அலறுகிறார்கள். ஓர் இடத்தில் இருவரும் மார்வெல் சினிமாக்களில் போட்ட வேஷங்களும், லோகியும் பெக்கி கார்ட்டரும், ஆளுயர அட்டை உருவங்களாகவே மேடைக்கு வந்துவிடுகின்றன. நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், வாருங்கள் என்று மேடையே சொல்லிவிட்டது.

ரஜினி படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்குப் போனவர்களுக்கு இது புரியும். விசில் அடங்குகிற வரைக்கும் வசனம் காத்திருக்கும், அந்த இடைவெளியைக் கணக்குப் பண்ணித்தான் காட்சியை வெட்டியிருப்பார்கள்.

ஆனால் நான் அந்த இரவில் மறக்காதது அலறல் இல்லை. கல்யாண மேடையில் கிளாடியோ, ஹீரோ என்ற பெண்ணை எல்லோர் முன்னாலும் நடத்தை கெட்டவள் என்று சொல்லித் தள்ளிவிடுகிற காட்சி. எனக்குப் பின்னால் யாரோ "நோ!" என்று சத்தமாகவே சொன்னார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக மூச்சை இழுக்கிற சத்தம். அவர்களுக்குக் கதை தெரியாது. ரோமியோவும் ஜூலியட்டும் சாவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் இந்த நாடகத்தில் இப்படி ஒரு கல்யாணம் நிற்கும் என்று அங்கே பலருக்குத் தெரியாது. நானூறு வருட நாடகம் அடுத்து என்ன ஆகுமோ என்ற பயத்தோடு பார்க்கப்படுகிறது. முணுமுணுக்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது, கடைசியாக நீங்கள் எப்போது அந்தக் காட்சியில் அதிர்ந்தீர்கள் என்பதைத்தான்.

அதற்கு அடுத்து ஒரு வசனம் இருக்கிறது, நடிகர்களுக்கெல்லாம் பயம் தருகிற வசனம். பெனடிக் உனக்காக எதையும் செய்கிறேன் என்கிறான், அட்வெல் நடிக்கிற பியாட்ரிஸ் "கிளாடியோவைக் கொன்றுபோடு" என்கிறாள். இரண்டே சொல். அதுவரைக்கும் நகைச்சுவையில் இருந்த கூட்டம் அந்த இடத்தில் சிரித்துவிடும், எப்பேர்ப்பட்ட நடிகை சொன்னாலும் சிரிக்கும் என்பது நாடகக்காரர்களிடையே பழைய கவலை. அன்றைக்கும் ஒரு சிரிப்பு கிளம்பியது. அட்வெல் நகரவில்லை. சிரிப்பு தானாகவே வெட்கப்பட்டுப் பாதியில் நின்றது. இதை ஒத்திகையில் தயார் செய்ய முடியாது, அலறத் தெரிந்த கூட்டம் ஒன்று எதிரில் இருந்தால்தான் அந்த மௌனத்துக்கு எடை வரும்.

இப்போது என் கோபத்துக்கு வரலாற்றிலிருந்து ஓர் ஆதாரம். ஷேக்ஸ்பியர் எழுதிய காலத்து மேடையும் கிட்டத்தட்ட வெறும் மேடைதான், பகல் வெளிச்சம், இரண்டு தூண், தேவைப்பட்டால் ஒரு கட்டில். அந்த மேடையில் பெரிய பெயர் வில் கெம்ப் என்ற கோமாளி நடிகர். இவர் எவ்வளவு பிரபலம் என்றால், 1600இல் லண்டனிலிருந்து நாரிச் நகரம் வரை தெருவெல்லாம் நடனமாடிக்கொண்டே போனார், வழியெல்லாம் கூட்டம் கூடியது. ரோமியோ அண்ட் ஜூலியட்டின் 1599ஆம் வருடப் பதிப்பில் பீட்டர் என்ற வேலைக்காரன் வர வேண்டிய ஓர் இடத்தில் "வில் கெம்ப் வருகிறார்" என்றே அச்சாகியிருக்கிறது. மச் அடோவின் 1600ஆம் வருடப் பதிப்பில் டாக்பெரி என்ற கோமாளிக் காவலனின் வசனங்களுக்கு முன்னால் பாத்திரத்தின் பெயருக்குப் பதில் கெம்பின் பெயர் வருகிறது. எழுதும்போதே ஷேக்ஸ்பியரின் மனதில் அந்த நடிகரின் முகம்தான் இருந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் இதைப் படிக்கிறார்கள். பென்னி கொடுத்து நின்றபடி பார்த்த கூட்டம் டாக்பெரி வந்ததும் டாக்பெரியையா பார்த்திருக்கும்? தங்களுடைய கெம்பைத்தான் பார்த்திருக்கும், சத்தமும் போட்டிருக்கும். ஹாம்லெட்டில் கோமாளிகள் எழுதியதற்கு மேல் பேசக் கூடாது என்று இளவரசன் நடிகர்களுக்குப் புத்தி சொல்கிறான் அல்லவா, கெம்ப் கம்பெனியை விட்டுப் போன பிறகு எழுதிய நாடகம் அது. எழுத்தாளருக்கும் எரிச்சல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த எரிச்சல் நடிகர்கள் மேல்.

லாயிட் தன் மச் அடோவில் டாக்பெரியை முழுவதுமாக வெட்டிவிட்டார். காவலர் காட்சிகள் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்து நட்சத்திரத்துக்காக எழுதிய பகுதி இந்தக் காலத்து நட்சத்திரங்களுக்கு இடம் விட்டுப் போய்விட்டது. எனக்கு டாக்பெரி பிடிக்கும், அதனால் வருத்தம்தான். ஆனாலும் நாடகம் அதனால் வேகமாக ஓடியது என்பதை மறுக்க முடியவில்லை.

எல்லா நட்சத்திரத்துக்கும் வெறும் மேடை கைகொடுக்கும் என்று சொல்ல வரவில்லை. மச் அடோவுக்குச் சற்று முன்பு, 2024 டிசம்பரில், அதே ட்ரூரி லேனில் அதே இயக்குநர் ஏலியன் படங்களின் நாயகி சிகோர்னி வீவரை வைத்து டெம்பெஸ்ட் போட்டார். 1957இல் பீட்டர் புரூக் இயக்கத்தில் ஜான் கில்குட் அந்த நாடகத்தின் நாயகன் ப்ராஸ்பெரோவாக நின்ற மேடை அது, அதற்குப் பிறகு அங்கே ஷேக்ஸ்பியர் வருவது இதுவே முதல் முறை. கறுப்பு மணல்மேடு, மெல்லிய துணி, புகை, நடுவில் வீவர். விமர்சகர்கள் பெரும்பாலும் கிழித்துவிட்டார்கள். என்னால் அவர்களோடு முழுவதும் சண்டை போட முடியவில்லை. வீவர் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே குரலில் இருந்தார். சுமார் 2000 பேர் கொள்ளும் அரங்கம் அது, பேசுவது மைக்கில் காதுக்குள் வருகிறது, முகமோ எங்கோ தூரத்தில் இருக்கிறது. ரோமியோவுக்குச் சின்ன தியேட்டர் செய்த உதவியை இந்தப் பெரிய தியேட்டர் செய்யவில்லை. கூட்டம் மரியாதையாக நடந்துகொண்டது. யாரும் கூவவில்லை, யாரும் சிரிக்கவில்லை, கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள், கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள். நாடக நாகரிகம் தெரிந்த கூட்டம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அன்று கிடைத்தது. எனக்கு அந்த மரியாதை நடிகருக்குச் செய்கிற உபகாரமாகப் படவில்லை. வீவரை அத்தனை வருடம் நேசித்த கூட்டம் அது, அவர் ஒரு பார்வை பார்த்திருந்தால் கூடவே வந்திருக்கும். காட்சி அமைப்பில் அதற்கு இடமே இல்லை.

அப்புறம் விலை. இதைப் பேசினால்தான் யார் ஷேக்ஸ்பியரிடமிருந்து யாரைத் தள்ளி வைக்கிறார்கள் என்பது தெரியும். 2025 வசந்தத்தில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜில்லென்ஹாலும் நடித்த ஒதெல்லோவில் நல்ல இருக்கைகள் 921 டாலர் வரை போயின. முன்னோட்டக் காட்சிகள் நடந்த ஒரே வாரத்தில் 28 லட்சம் டாலர் வசூல், இசைநாடகம் அல்லாத நாடகங்களில் பிராட்வே அதுவரை பார்க்காத தொகை. அங்கே நட்சத்திரம் வந்ததும் கைதட்டி நிறுத்தி வைப்பது ஊர் வழக்கமே, யாரும் நாகரிகம் போயிற்று என்று புலம்புவதில்லை. 921 டாலர் கொடுத்தவர் கைதட்டினால் மரபு, 25 பவுண்டு கொடுத்த பெண் கூவினால் ஒழுங்கீனம், இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் சரிப்படாது.

லண்டனிலும் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. குறைந்த விலை இருக்கைகள் கொஞ்சம் ஒதுக்குகிறார்கள், அதற்கு நன்றி, ஆனால் அவை பெரும்பாலும் கம்பி மறைக்கிற, தலைக்கு மேலே கூரை இடிக்கிற இருக்கைகள். வெறும் மேடையில் முகம்தான் எல்லாம் என்று நாடகத்தைக் கட்டிவிட்டு, முகம் தெரியாத இடத்தை இளைஞர்களுக்கு விற்பதில் என்ன நியாயம் இருக்கிறது? முன்வரிசையில் இருபது இருக்கைகளை அன்றன்று காலையில் குறைந்த விலைக்குக் கொடுங்கள், தேவைப்பட்டால் குலுக்கல் போடுங்கள். நட்சத்திரத்தின் சம்பளத்தில் அது பெரிய ஓட்டை போடாது.

ஹாலண்டையோ ஹிடில்ஸ்டனையோ பார்த்துவிட்டு இந்தப் பக்கம் ஆசை வந்தவர்கள் அடுத்த நட்சத்திரம் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தேம்ஸ் கரையில் குளோப் தியேட்டர் இருக்கிறது. கோடைக்காலத்தில் சில பவுண்டுகளுக்கே மேடையை ஒட்டி நின்று பார்க்கலாம், 700 பேர் நிற்கிற இடம். நடிகர்களின் வியர்வை தெரியும், கூவினால் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்க மாட்டார்கள், நடிகர்களே பதில் சொன்னாலும் சொல்வார்கள். இரண்டரை மூன்று மணி நேரம் கால் கடுக்கும், உட்கார விடமாட்டார்கள். மழை வந்தால் குடை விரிக்கவும் அனுமதி இல்லை, அதனால் தலையை மூடுகிற மழைக்கோட்டாக எடுத்துப் போங்கள்.